சர்க்கரை ஊரில் ஓர் ஊசி

எறையூருக்குப் போகிறவர்களுக்கு வழி சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. மூக்கு ஒன்று இருந்தால் போதும். பெரம்பலூரிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையை விட்டு உள்ளே திரும்பியதும், அது அரவைக் காலமாயும் இருந்துவிட்டால், கருப்பஞ்சாறு காயும் மணம் எதிர்கொண்டு வந்து நம்மை அழைத்துச் செல்லும். பெரம்பலூர் சர்க்கரை ஆலை என்று பெயர் வழங்கினாலும், ஆலை இருப்பது என்னவோ எறையூரில்தான். 1970-களில் தமிழ்நாட்டு அரசாங்கத்தார் ஏற்படுத்திய தொழிற்சாலை அது. பருத்திக்கும் மக்காச்சோளத்துக்கும் சின்ன வெங்காயத்துக்கும் பெயர் போன அந்தச் சீமையில், கிணற்றில் தண்ணீர் உள்ள குடியானவர்கள் கரும்பும் பயிரிட்டு ஆலைக்கு அனுப்புகிறார்கள்.

அந்த ஊரில் நமக்கு ஒரு நண்பர் உண்டு. கரும்பு ஏற்றி வரும் வண்டிகளை நிறுத்துப் பாரம் குறிக்கும் வேலையில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய பெயரை நேயர்கள் கேட்க வேண்டாம். 'எடைமேடை நண்பர்' என்றே இக்கட்டுரையில் அழைப்போம். எத்தனையோ ஆயிரம் டன் கரும்பு அவர் கண் முன்னால் சர்க்கரையாகிப் போயிருக்கிறது. அப்பேர்ப்பட்ட மனிதருக்கு, இரத்தத்தில் அதே சர்க்கரை சற்று மிகுந்து போய்விட்டது என்பதற்காக வைத்தியர் ஓர் ஊசியை எழுதிக் கொடுத்துவிட்டார். வேறு யாரும் வந்து போட மாட்டார்கள். தினந்தோறும் தமக்குத் தாமே போட்டுக் கொள்ள வேண்டும்.

பொங்கலுக்கு முதல் நாள் மாலை நாம் போய் இறங்கியபோது, வீட்டில் கரும்புக் கட்டு சார்த்தி வைத்திருந்தது. புதுப் பானைக்கு மஞ்சள் கொத்து தயாராயிருந்தது. ஆனால் வீட்டாரின் முகத்தில் பண்டிகைக் களை இல்லை. நண்பரின் வலது காலில் கட்டுப் போட்டிருந்தது.

"என்ன ஆயிற்று?" என்று கேட்டோம்.

"ஒன்றுமில்லை. வயலில் கரும்புக் கட்டை குத்திவிட்டது" என்றார்.

"குத்தியதே அவருக்குத் தெரியாது. நடுவீடெல்லாம் இரத்தக் காலடி. நான் பார்த்துச் சொன்ன பிறகுதான் குனிந்து பார்த்தார்" என்று அம்மையார் சமையலறையிலிருந்தே திருத்தினார்.

மதுமேகம் நெடுநாள் இருந்தால் காலில் உணர்ச்சி நரம்புகள் மரத்துப் போகும். முள் குத்தினால் தெரியாது; செருப்புக் கடித்தால் தெரியாது. புண் வந்த பிறகும் வலி இல்லாமையால் மனிதர் அதன்மேலேயே நடந்து கொண்டிருப்பார். இரத்தத்தில் சர்க்கரை மிகுந்திருக்கும் வரையில் புண் ஆறுவதும் கடினம். நண்பருக்கு நேர்ந்தது இதுவே. மாத்திரைகள் இனிப் போதா, இன்சுலின் போட்டுச் சர்க்கரையை இறக்கினால்தான் புண் கூடும், இல்லாவிட்டால் ஒரு விரலை எடுக்க வேண்டி வரலாம் என்று வைத்தியர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். இன்சுலின் குப்பியையும் ஊசிகளையும் வாங்கி வந்து ஒன்பது நாள் ஆகிவிட்டது.

"ஒன்பது நாளாக அது தயிர்ச் சட்டிக்குக் காவல் இருக்கிறது" என்று சொல்லிக் குளிர்பெட்டியின் கதவைத் திறந்து காட்டினாள் பேத்தி. அவள் பதினோராம் வகுப்பில் படிப்பவள். பெட்டியின் மேல் ஒட்டியிருந்த காகிதம்கூடக் கிழியாமல் இருந்தது.

கரும்புக் கட்டை குத்தியது தெரியாத மனிதருக்கு, இன்னும் குத்தாத ஊசி அல்லும் பகலும் வலித்துக் கொண்டிருந்தது.

நாம் சிரித்திருக்கலாம். உண்மையைச் சொன்னால், நமக்குச் சிரிப்பதற்கு யோக்கியதை இல்லை. ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுக்கும்போதெல்லாம் சுவரில் உள்ள காலண்டரை நாம் வெகு சிரத்தையாகப் படிக்கிற வழக்கம் உண்டு. ஆகவே பேசாமல் காபியைக் குடித்தோம். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது அவரே ஆரம்பித்தார்.

அவருக்கு எட்டு வயதிருக்கும்போது தெருநாய் ஒன்று கடித்துவிட்டதாம். அப்பொழுது இந்தப் பிரதேசமெல்லாம் திருச்சி ஜில்லாவைச் சேர்ந்தது. தகப்பனார் அவரைத் தோளில் சுமந்து பட்டணத்து ஆஸ்பத்திரி ஒன்றுக்குக் கொண்டு போனார். தினம் ஒன்றாகப் பதினான்கு நாள், பதினான்கு ஊசி, எல்லாம் வயிற்றில். ஒருவர் கையைப் பிடித்துக் கொள்ள, ஒருவர் காலை அமுக்கிக் கொள்ள, கண்ணாடிக் குழல் ஒன்று மேலே வருமாம். "அந்தக் குழல் இன்னும் என் கனவில் வருகிறது. வயிற்றில் போட்டுக் கொள்ளுங்கள் என்று வைத்தியர் சொன்னதும் எனக்குக் காது அடைத்துப் போயிற்று" என்றார்.

ஐம்பது வயதுக்கு மேற்பட்ட தமிழர் பலருக்கு இந்தப் பதினான்கு ஊசியின் கதை தெரிந்திருக்கும். அது கட்டுக்கதை அல்ல. 1911-ஆம் வருஷத்தை ஒட்டிக் கஸௌலியில் டேவிட் செம்பிள் என்னும் இராணுவ வைத்தியர் வகுத்த முறை அது. ஆட்டின் மூளையிலிருந்து தயாரிக்கப்பட்ட தடுப்பு மருந்து. 1907-இல் தொடங்கிய குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும் அவ்வகை மருந்து செய்யப்பட்டு வந்தது. ஒவ்வொரு வேளைக்கும் போட வேண்டிய அளவு பெரிதாகையால், தோல் பரந்து தளர்ந்து இருக்கும் வயிற்றைத் தேர்ந்தெடுத்தார்கள். எண்ணற்ற உயிர்களை அது காப்பாற்றியது. கூடவே எண்ணற்ற குழந்தைகளின் மனத்தில் ஒரு கிலியையும் விதைத்தது. 2004-ஆம் ஆண்டின் இறுதியோடு இந்தியாவில் அந்தப் பழைய மருந்தைத் தயாரிப்பது நின்றுவிட்டது. இப்பொழுது நாய்க்கடிக்குக் கையில் சில சிறிய ஊசிகளே போடுகிறார்கள். கடிபட்டவர்கள் தயங்காமல் உடனே போக வேண்டும் என்பதை இந்த இடத்திலேயே சொல்லி வைக்கிறோம், ஏனென்றால் பதினான்கு ஊசிக்குப் பயந்து வீட்டிலேயே இருந்து விடுகிறவர்கள் இன்னும் உண்டு.

நாய் கடிக்காத குழந்தைகளுக்கும் நம் வீடுகளில் வேறு வழியாக இந்தப் பயத்தை ஊட்டுகிறோம். சாதம் வேண்டாமென்று அடம் பிடித்தால், "டாக்டர் மாமாவிடம் சொல்லி ஊசி போடச் சொல்லட்டுமா?" என்கிறோம். பூச்சாண்டிக்கு ஓய்வு கொடுத்து அந்த உத்தியோகத்தை டாக்டர் மாமாவுக்குக் கொடுத்திருக்கிறோம். வளர்ந்த பிறகும் இந்தப் பூச்சாண்டி விடுகிறதில்லை. "மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடாவிட்டால் இன்சுலின்தான்!" என்று ஒரு வைத்தியர் பல வருஷங்களுக்கு முன் நம் நண்பரைப் பயமுறுத்தினாராம். நல்ல எண்ணத்தோடு சொன்னதே என்றாலும், அன்றைக்கே அந்த மருந்து இவருக்குத் தண்டனையின் பெயராகிவிட்டது. இப்பொழுது எழுதிக் கொடுத்தவுடன், தாம் ஏதோ குற்றம் செய்து பிடிபட்டவர் போல அவருக்குத் தோன்றிற்று. அதன்மேல் தெருவில் ஒருவர், இன்சுலின் என்பது கடைசி மருந்து, அதற்கப்புறம் ஒன்றும் இல்லை, ஒரு தடவை ஆரம்பித்தால் கள் குடிப்பது போல விடாது என்று தமது அபிப்பிராயத்தையும் இலவசமாக வழங்கியிருந்தார்.

கடைசி மருந்தாம்! நம் உடம்பு பிறந்த நாள் முதல் வயிற்றுக்குப் பின்னால் உள்ள கணையம் என்னும் உறுப்பில் தானே சுரந்து கொள்ளும் பொருள் அது. சுரப்பது குறைந்தால் வெளியிலிருந்து கொடுக்கிறோம். சிலருக்குச் சில மாதங்கள் போதும். சிலருக்கு ஆயுள் முழுவதும் வேண்டும். மாத்திரையாக விழுங்கினால் என்ன என்று கேட்கலாம். இன்சுலின் ஒரு புரதம்; பருப்பையும் முட்டையையும் போல அதுவும் வயிற்றில் செரித்துப் போய்விடும். அதனால்தான் தோலுக்கடியில் கொண்டு போய் வைக்க வேண்டியிருக்கிறது.

இந்தப் பொருள் மனிதர் கைக்கு வந்து நூறு வருஷத்துக்குச் சிறிதே அதிகம் ஆகிறது. கானடா தேசத்து டொரான்டோ நகரில் 1921-ஆம் வருஷக் கோடையில் பான்டிங் என்னும் இளம் வைத்தியரும் பெஸ்ட் என்னும் மாணவரும், மக்ளியட் என்னும் பேராசிரியரின் ஆராய்ச்சிச்சாலையில் நாய்களின் கணையத்திலிருந்து ஒரு சாற்றை எடுத்தார்கள். 1922 ஜனவரி 11-ந் தேதி, பதினான்கு வயதுச் சிறுவன் லெனார்ட் தாம்ஸனுக்கு அவ்விதச் சாறு முதன் முதலாகப் போடப்பட்டது. எலும்பும் தோலுமாய் மரணத்தின் வாசலில் இருந்தான் அவன். பலன் அற்பம், ஊசி போட்ட இடத்தில் கட்டி வந்ததுதான் மிச்சம். காலிப் என்னும் ரசாயன அறிஞர் சாற்றைச் சுத்தம் செய்து கொடுத்த பிறகு, ஜனவரி 23-ந் தேதி மறுபடி போட்டார்கள். இந்தத் தடவை சர்க்கரை இறங்கிற்று. பையன் பிழைத்தான், மேலும் பதின்மூன்று வருஷம் உயிரோடிருந்தான். கண்டுபிடித்தவர்கள் தங்கள் உரிமையை டொரான்டோ சர்வகலாசாலைக்குத் தலைக்கு ஒரு டாலர் என்று விற்றுவிட்டார்கள். 1923-இல் நோபல் பரிசு பான்டிங்குக்கும் மக்ளியடுக்கும் கிடைத்தபோது, ஒருவர் பெஸ்டுடனும் மற்றவர் காலிப்புடனும் பணத்தைப் பங்கிட்டுக் கொண்டார்கள்.

அன்றிரவு நண்பருக்கு நாம் சொன்னது லெனார்டின் கதையை அல்ல. எலிஸபெத் ஹியூஸ் என்னும் பெண்ணின் கதையைச் சொன்னோம். அமெரிக்க அந்நிய நாட்டு மந்திரியின் மகள். இன்சுலின் வருவதற்கு முன் அந்த நோய்க்குப் பட்டினி ஒன்றே மருந்தாயிருந்தது. மூன்று வருஷம் பட்டினி காத்து, 1922 ஆகஸ்டில் பான்டிங்கிடம் வந்தபோது, பதினைந்து வயதை எட்டிய அந்தப் பெண்ணின் எடை இருபது கிலோவை ஒட்டியிருந்தது. அக்காலத்து ஊசி இப்பொழுதுள்ளது போன்றதல்ல. கண்ணாடிக் குழலை வெந்நீரில் கொதிக்க வைத்து, முனை மழுங்கினால் கல்லில் தீட்டி, மறுபடியும் அதையே உபயோகிக்க வேண்டும். மருந்தின் வீரியம் குறைவு; ஆகையால் அளவு மிகுதி. அந்தச் சிறுமி தனக்குத் தானே போட்டுக் கொள்ளக் கற்றாள். படித்தாள், மணந்தாள், மக்களைப் பெற்றாள். 1981-இல் எழுபத்து மூன்றாம் வயதில் இறந்தாள். நாளைக்கு இரண்டு என்று வைத்துக் கணக்கிட்டாலும் நாற்பதினாயிரம் ஊசியைத் தாண்டுகிறது.

எடைமேடை நண்பர் கணக்கில் கெட்டிக்காரர். மனத்துக்குள் பெருக்கிப் பார்த்துவிட்டு, "சரியாகத்தான் இருக்கிறது" என்றார். ஆனால் ஊசி போட்டுக் கொள்ளச் சம்மதிக்கவில்லை.

கதைகளால் பயம் போகாது என்பதை நாம் அன்று தெரிந்து கொண்டோம்.

"ஏன் தாத்தா, பங்குனி உத்திரத்துக்கு நீங்கள் வாலிபத்தில் அலகு குத்திக் கொண்டவர்தானே? கன்னத்தில் வேல் குத்தினீர்களே!" என்று பேத்தி மடக்கினாள்.

"அதற்கு முருகன் பொறுப்பு. இதற்கு நான் பொறுப்பு" என்றார் அவர்.

வேடிக்கையாகச் சொன்னாரோ வினையாகச் சொன்னாரோ, விஷயம் அந்த வார்த்தையில் இருக்கிறது. காது குத்தும்போது மாமன் மடியில் உட்கார்ந்து கொள்கிறோம். பச்சை குத்துகிறவள் பாட்டுப் பாடிக் கொண்டே குத்துகிறாள். அம்மை குத்த வந்தவர் கையைப் பிடித்து இழுத்துக் குத்திவிட்டுப் போனார். வலி நமக்கு, வேலை அவர்களுக்கு. தன்னைத் தானே குத்திக் கொள்வதில் மட்டும் குத்துகிறவரும் குத்துப்படுகிறவரும் ஒருவராகி விடுகிறார். கை, வயிற்றை நோக்கிப் போக மறுப்பது கோழைத்தனத்தால் அல்ல. உடம்பைக் காப்பாற்றிக் கொள்ளக் கைக்கு இயற்கை கற்பித்த பாடம் அது.

மறுநாள் காலையில், அதே தெருவில் குடியிருக்கும் ஓர் அம்மையார் பொங்கல் பானை இறங்கிய கையோடு வந்தார். ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் நர்ஸாக இருப்பவர். நண்பரின் மனைவிதான் சொல்லி அனுப்பியிருந்தார். வந்தவர் உபதேசம் ஒன்றும் செய்யவில்லை. "ஐயா, ஊசியைப் பார்த்தால் நெஞ்சு படபடக்கிறதா, அல்லது தலை சுற்றி மயக்கம் வருகிறதா?" என்று மட்டும் கேட்டார்.

"மயக்கம்தான் அம்மா. முதலில் படபடப்பு, அப்புறம் கண் இருட்டி, வேர்த்து, ஆளைத் தள்ளுகிறது."

மற்றப் பயங்களுக்கும் இந்தப் பயத்துக்கும் உள்ள வித்தியாசம் இதுவாம். பாம்பைக் கண்டால் இருதயம் வேகமாக அடிக்கிறது. இரத்த அழுத்தம் ஏறுகிறது. மனிதன் ஓடுகிறான், மயங்கி விழுவதில்லை. ஊசியையும் இரத்தத்தையும் கண்டு அஞ்சுகிறவர்களில் பலருக்கோ முதலில் ஏறிய அழுத்தம் சடக்கென்று சரிந்து விடுகிறது. மூளைக்குப் போகும் இரத்தம் குறைகிறது, மயக்கம் வருகிறது. குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாகவும் இது வருவதுண்டு. இப்படிப்பட்டவரிடம் "உடம்பைத் தளர விடு, மூச்சை மெதுவாக விடு" என்று சொல்வது எரிகிற விளக்கில் எண்ணெயைக் குறைப்பது போலாகும். சரிகிற அழுத்தம் மேலும் சரியும்.

ஸ்வீடன் தேசத்து மனோதத்துவ அறிஞர் லார்ஸ் யோரான் ஓஸ்ட் என்பவர் 1980-களில் இதற்கு எதிர்மாறான ஒரு பயிற்சியை வகுத்தார். உட்கார்ந்தபடியே கைகளையும் கால்களையும் மார்பையும் முறுக்கேற்றி இறுக்க வேண்டும். பத்துப் பதினைந்து விநாடியில் முகத்தில் சூடு ஏறுவது தெரியும். உடனே விட்டுவிட வேண்டும்; தொய்ந்து விடாமல் சாதாரண நிலைக்கு வந்தால் போதும். அரை நிமிஷம் கழித்து மறுபடியும். இப்படி ஐந்து தடவை. தசைகள் இறுகும்போது இரத்த அழுத்தம் ஏறுகிறது, மயக்கம் அண்டுவதில்லை. நர்ஸ் அம்மையாருக்கு ஸ்வீடன் பெயரெல்லாம் தெரியாது. ஆனால் முறை தெரிந்திருந்தது. "கரும்புக் கட்டைத் தூக்குகிற மாதிரி முக்குங்கள், ஐயா" என்றார். நண்பர் திண்ணைத் தூணில் சாய்ந்து உட்கார்ந்து முக்கினார். முகம் சிவந்தது. வாசலில் கோலத்தை மிதித்துக் கொண்டு போன பையன்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"பயம் தெளிகிற வரையில் புண் காத்திருக்காது" என்று சொல்லி, அன்றைய மருந்தை நர்ஸே போட்டுவிட்டார். மறுநாள் மாட்டுப் பொங்கலன்று அவருடைய கண் பார்க்க அம்மையார் போட்டார். நண்பர் இரண்டு நாளும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக் கொண்டிருந்தார். இப்படியே அம்மையார் போட்டு வந்தால் என்ன என்று நாம் கேட்டோம். "போடலாம், எத்தனையோ வீடுகளில் அப்படித்தான் நடக்கிறது. ஆனால் அம்மா ஒரு கல்யாணத்துக்குப் போனால் ஐயா அன்றைக்குப் பட்டினியா?" என்றார் நர்ஸ்.

ஆகவே கற்பித்தல் தொடர்ந்தது, படிப்படியாக. முதலில் மூடியுள்ள ஊசியைக் கையில் வைத்துக் கொண்டு காபி குடிப்பது. பிறகு மூடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துப் பார்ப்பது. பேத்தி தன் தையற் பெட்டியிலிருந்து ஓர் ஊசியைக் கொண்டு வந்து பக்கத்தில் வைத்தாள். தையல் ஊசி உலக்கை போலத் தெரிந்தது! இன்சுலின் ஊசியின் கனம் கால் மில்லிமீட்டர்தான். நீளம் ஆறு மில்லிமீட்டர். பேனா வடிவத்தில் வருவதற்கு உள்ளவை நான்கே மில்லிமீட்டர். மனிதர் தடித்தவராயினும் மெலிந்தவராயினும் தோலின் கனம் இரண்டு, இரண்டரை மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடுகிறதாம். அதைத் தாண்டி அதன் கீழுள்ள கொழுப்பில் மருந்து சேர்ந்தால் போதும். எட்டு வயதில் கண்ட கண்ணாடிக் குழலை நண்பர் ஐம்பத்தெட்டு வருஷமாக மனத்தில் வைத்துக் கொண்டிருந்தார். இது அதன் கொள்ளுப்பேரன் என்பதை முதல் முறையாகக் கண்ணால் பார்த்தார்.

அதன் பிறகு ஒரு சாத்துக்குடிப் பழம் கொண்டு வரப்பட்டது. தண்ணீரை ஏற்றி அதற்கு ஊசி போட்டார். ஒரு கத்தரிக்காய்க்கும் போட்டார். ஏழெட்டுக் காய்கறிகள் அன்று வைத்தியம் பெற்றன. அவற்றை அம்மையார் குழம்பில் சேர்க்காமல் மாட்டுக்குப் போட்டுவிட்டார். வலி ஏன் சில நாள் அதிகமாயும் சில நாள் இல்லாமலும் இருக்கிறது என்பதும் அந்தச் சமயத்தில் விளங்கிற்று. குளிர்பெட்டியிலிருந்து எடுத்த மருந்தை உடனே போட்டால் எரியும். அரை மணி நேரம் வெளியில் வைத்துப் போட வேண்டும். ஸ்பிரிட் தடவினால் அது உலர்ந்த பிறகே குத்த வேண்டும். தயங்கித் தயங்கி அழுத்தினால் வலிக்கும். ஈட்டி எறிவது போல ஒரே சீராக நுழைத்தால் வலிக்காது.

நான்காம் நாள் காலை. நண்பர் கூடத்துப் பலகையில் உட்கார்ந்தார். குப்பியை உள்ளங்கைகளுக்கிடையே மெதுவாக உருட்டினார். அவருடைய மருந்து பால் போல் கலங்கியிருக்கும் வகையாதலால் இப்படிக் கலக்க வேண்டும், குலுக்கக் கூடாது. வைத்தியர் சொன்ன அளவுக்கு இழுத்தார். கோட்டைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தபோது, எடைமேடையில் முள்ளைப் பார்த்த பழைய பார்வை திரும்பி வந்தது. கைகால்களை முறுக்கி மூன்று தடவை இறுக்கினார். பிறகு வயிற்றைத் தளர விட்டு, தொப்புளிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளி, தோலை மடித்துப் பிடித்தார்.

கை நின்றுவிட்டது.

யாரும் பேசவில்லை. சமையலறையில் பால் பொங்கி வழிகிற ஓசை கேட்டது; அம்மையார் போய் இறக்கவில்லை. ஆலையில் சங்கு ஊதிற்று.

நண்பர் நம்மையும் பார்க்கவில்லை, கடிகாரத்தையும் பார்க்கவில்லை. தம் வயிற்றையே பார்த்துக் கொண்டிருந்தார். பிறகு வாய்விட்டு எண்ண ஆரம்பித்தார். "ஒன்று, இரண்டு, மூன்று..." பத்து வரையில் எண்ணிவிட்டு, தலை நிமிர்ந்து, "போட்டாயிற்றா?" என்று நர்ஸைக் கேட்டார்.

"போட்டது நீங்கள், ஐயா! என்னைக் கேட்டால்?" என்றார் நர்ஸ்.

குனிந்து பார்த்தார். குழல் காலியாக இருந்தது. மூன்று என்று சொல்லும்போதே ஊசி உள்ளே போய்விட்டிருந்தது. மற்ற ஏழும் மருந்து தங்குவதற்காக எண்ணியவை. அம்மையார் பாலை இறக்க ஓடினார். பேத்தி மாத்திரம், "அப்பாயி, தாத்தா அழுகிறார்" என்று ஊருக்கே கேட்கும்படி அறிவித்தாள்.

மற்ற விஷயங்கள் சிறிய விஷயங்கள்தாம் என்றாலும், வீட்டில் இன்சுலின் வைத்திருக்கும் நேயர்களுக்குப் பயன்படும் என்பதால் நாம் குறித்துக் கொண்டோம். நம் தேசத்துக் குப்பிகளில் ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட் உள்ளவை பெருவழக்கு. அவற்றுக்குச் சிவப்பு மூடி உள்ள ஊசியே உரியது. ஆரஞ்சு நிற மூடி 100 யூனிட் மருந்துக்கு உரியது. மாற்றிப் போட்டால் அளவு இரண்டரை மடங்கு வித்தியாசப்படும், உயிருக்கே அபாயம். கடைக்காரர் கொடுத்ததை அப்படியே வாங்கி வராமல் மூடியின் நிறத்தைப் பார்க்க வேண்டும். தினம் ஒரே இடத்தில் போட்டால் தோலுக்கடியில் கொழுப்புக் கட்டி தட்டும். அங்கே வலி குறைவு என்பதால் மனிதர் அதையே நாடுவார். ஆனால் அங்கே போட்ட மருந்து சரியாகப் பரவாது. விரற்கடை விரற்கடையாக இடம் மாற்றிக் கொண்டே போக வேண்டும். ஊசி ஒரு தடவைக்கு என்று செய்யப்பட்டது. மறுபடி உபயோகித்தால் முனை மழுங்கி வலிக்கும். ஒருவருடைய ஊசியை மற்றொருவர் தொடவே கூடாது. உபயோகித்த ஊசிகளைக் குப்பையில் வீசினால் குப்பை அள்ளுகிறவர் கையில் குத்தும். கெட்டியான டப்பாவில் சேர்த்து ஆஸ்பத்திரியில் ஒப்படைக்க வேண்டும்.

குளிர்பெட்டி இல்லாத வீடுகளுக்கு நர்ஸ் சொன்ன யோசனை நமக்கு மிகவும் பிடித்தது. பெரிய மண்பானைக்குள் சிறிய மண்பானையை வைத்து, இடையில் மணலைப் போட்டுத் தண்ணீர் தெளித்துக் கொண்டிருந்தால் உள்ளே குளிர்ந்திருக்கும். பிரித்த குப்பியை அதில் வைத்து ஒரு மாத காலம் வரையில் உபயோகிக்கலாம். குளிர்பெட்டி இருந்தாலும் பனிக்கட்டி அறையில் மாத்திரம் வைக்கவே கூடாது. உறைந்த இன்சுலின் வெறும் தண்ணீருக்குச் சமானம்.

மருந்தைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் வயலுக்குப் போய்விடுவதுதான் எல்லாவற்றிலும் ஆபத்து. சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடும். வேர்வை, நடுக்கம், கடும் பசி, தடுமாற்றம் இவை அறிகுறிகள். அப்பொழுது மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உடனே குடிக்க வேண்டும். கால் மணியில் தெளியாவிட்டால் மறுபடியும். நினைவு தவறியவர் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். இதற்காக நண்பருடைய சட்டைப் பையில் எப்பொழுதும் ஒரு காகிதப் பொட்டலத்தில் சர்க்கரை இருக்கிறது. எறையூர்ச் சர்க்கரைதானா என்று கேட்டோம். "வேறு சர்க்கரை என் உடம்புக்கு ஒத்துக் கொள்ளாது" என்றார்.

அவர் ஒருவர் கதை என்று நினைப்பதற்கில்லை. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்கெடுப்பின்படி, நம் தேசத்தில் பத்துக் கோடிக்கு மேற்பட்டவர்களுக்கு இந்த நோய் உண்டு. சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் 1948-இல் டாக்டர் எம். விசுவநாதன் நீரிழிவுக்கென்று தனிப் பிரிவு ஒன்றைத் தொடங்கிய காலத்தில், இது பணக்காரர் வியாதி என்று பெயர் பெற்றிருந்தது. இப்பொழுது அந்தப் பெருமை பணக்காரர்களுக்கு இல்லை. கரும்பு வெட்டுகிறவருக்கும் வருகிறது. அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இன்சுலினை இலவசமாகக் கொடுக்கிறார்கள். மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டு வந்து தரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் திட்டம் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி ஜில்லாவில் ஆரம்பமாகித் தமிழ்நாடெங்கும் நடந்து வருகிறது. மருந்து வாசல் வரையில் வந்துவிடுகிறது. வாசலிலிருந்து வயிறு வரையில் உள்ள தூரத்தைக் கடப்பதற்குத் தெருவுக்கு ஒரு நர்ஸ் அம்மையாரைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

மாசி மாதத்தில் மறுபடியும் அந்தப் பக்கம் போக நேர்ந்தது. காலில் கட்டுச் சிறிதாகியிருந்தது; புண் வாய் கூடி வருகிறது, விரலுக்குப் பயமில்லை என்று வைத்தியர் சொல்லிவிட்டாராம். இப்பொழுது அவருடைய முறையீடு வேறு. சர்க்கரை பார்ப்பதற்காகப் பேத்தி விரல் நுனியில் குத்துகிறாளே, அதுதான் வலிக்கிறதாம். "வயிற்றில் போடுவது ஒன்றும் இல்லை. இது கொடுமை!" என்றார். விரலின் நடுவில் குத்தாமல் ஓரத்தில் குத்தும்படி பேத்திக்குச் சொன்னோம்.

புறப்படும்போது ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொண்டு வந்து காட்டினார். எடைமேடையில் எழுதிய பாணியிலேயே கட்டம் போட்டிருந்தது. தேதி, நேரம், அளவு, வலது இடது, குறிப்பு என்று தலைப்புக்கள். முதல் நாள் குறிப்பில் 'கை நடுங்கிற்று' என்று இருந்தது. அடுத்த நாள் 'நடுக்கம் குறைவு'. மூன்றாம் நாள் 'எறும்பு கடித்தது போல்'. ஐந்தாம் நாள் 'மின்சாரம் இல்லை, விளக்கு வைத்துப் போட்டது'. பத்தாம் நாளுக்கு அப்புறம் தேதியும் அளவும் வரிசையாக இருந்தன. குறிப்புக் கட்டம் முழுவதும் காலியாகவே இருந்தது.